தில்லைநாதனின் ஸ்வெட்டர்

தில்லைநாதனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. காகிதத்தில் வாழ்கிற மனுஷனுக்கு என்ன கவலை? பசி கிடையாது, இருமல் கிடையாது, காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓட வேண்டியது கிடையாது. ஆனால் என் வீட்டு மேசையையும் என் புருஷனின் சாயங்காலங்களையும் மொத்தமாக வாரிக்கொண்டவன் அவன்தான். ஒரு மனைவிக்கு வேறு எவளாவது குறுக்கே வந்தால் சண்டை போடலாம். துப்பறியும் நிபுணர் வந்தால் என்ன செய்வது?

என் புருஷன் அர்ஜுனனுக்குத் தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கும் அறையில் வேலை. மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் அங்கே எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. துண்டால் வாயைக் கட்டிக்கொள்வார், இருந்தும் வீட்டுக்கு வந்து காறித் துப்பினால் தேயிலைச் சாயமாக வரும். இருமல் ஆரம்பித்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார்.

“வேற வேலைக்கு மாறிக்க அர்ஜுனா. இந்தத் தூசியில இருந்தா நெஞ்சு தாங்காதுலா.”

மாறுவதற்கு என்ன வேலை இருந்தது? வெளிக்காட்டு வேலைக்குக் கேட்டுப் பார்த்தார். ஆள் போதும் என்றார்கள். இவருக்குத் தெரிந்தது இரண்டே தொழில். ஒன்று சலிப்பது, இன்னொன்று படம் போடுவது.

படம் போடுவதைத் தொழிலாக்கியவர் ஹரோல்ட் கிராணி. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை, மாதா கோயில் பூசை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்கூட டை கட்டுகிற ஆள், துப்பறியும் கதை எழுதுவதில் கிறுக்கு. பேக்டரிச் சுவரில் கரித்துண்டால் மானேஜர் துரையின் மூக்கை யாரோ அச்சாக வரைந்திருப்பதைப் பார்த்தவர், திட்டுவதற்குப் பதில் அந்த ஆளைத் தேடிக்கொண்டு எங்கள் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்படிப் பிறந்தவன்தான் துப்பறியும் தில்லைநாதன். கிராணி கதையும் வசனமும் எழுதுவார், இவர் கட்டம் பிரித்து வரைவார். எழுபத்து நாலில் கோலாலம்பூர் ஞாயிறு பத்திரிகை ஒன்று அதை வாரம் ஒரு பக்கமாகப் போட ஆரம்பித்தது.

வரைவதைவிடக் காய வைப்பதுதான் எங்கள் ஊரில் பெரிய பாடு. பனி இறங்கிவிட்டால் மை காயவே காயாது. கை பட்டால் தில்லைநாதனின் மீசை காது வரைக்கும் இழுபடும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் பக்கத்தைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவேன். என் கொள்ளுக் குழம்பு வாசத்தோடுதான் அது கோலாலம்பூர் போகும். திரிங்காப்பிலிருந்து இறங்குகிற காய்கறி லோரியில், பிளாஸ்டிக்கில் சுற்றி, கோபீஸ் கூடைகளுக்கு நடுவில் செருகி அனுப்புவோம்.

இப்போது அந்த ஸ்வெட்டர் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் மலையில் ஸ்வெட்டர் என்பது குளிருக்கு மட்டும் போடுகிற துணி இல்லை. அது மரியாதை. பெண் பார்க்கப் போனாலும் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் ஆம்பிளை ஸ்வெட்டரோடுதான் போவான். ஸ்வெட்டர் இல்லாமல் தானா ராத்தா டவுனுக்குள் நடந்தால், ‘பாவம், இவனுக்கு என்ன கஷ்டமோ’ என்று பார்ப்பார்கள். அர்ஜுனனிடம் ஒன்று இருந்தது, பழுப்பு நிறம். பேக்டரி அடுப்பில் பட்டு இடது முழங்கையில் ஓட்டை விழுந்தபோது, அவருடைய பழைய கைலியிலிருந்து கட்டம் போட்ட துண்டை வெட்டி நான் ஒட்டுப் போட்டேன்.

தில்லைநாதனுக்கு உடுப்பு வரைய வேண்டி வந்ததும் இவர் யோசிக்கவே இல்லை. கோலாலம்பூரில் பெரிய துப்பறியும் நிபுணர், படித்தவர், பணக்காரர் வீட்டுக்கெல்லாம் போய்வருகிறவர். அப்படிப்பட்டவர் ஸ்வெட்டர் இல்லாமல் இருப்பாரா? ஆணியில் தொங்கிய தன்னுடையதையே பார்த்து வரைந்தார். ஒட்டு முதற்கொண்டு வரைந்தார். கட்டத்துக்குக் கட்டம் அந்த ஒட்டின் கோடுகளை மயிரிழைத் தூரிகையால் போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். தில்லைநாதன்மேல் எனக்கிருந்த கோபம் அந்தக் கொஞ்ச நேரம்தான் அடங்கும்.

மலைக்குக் கீழே சூடு என்று அவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். காதால் கேட்டிருந்தார். ஆனால் மலையை விட்டு அவர் இறங்கினதே இல்லை, நானும் இறங்கினதில்லை. சூடு என்பதை உடம்பு அறிந்தால்தானே கை வரையும்.

தில்லைநாதன் அமோகமாக ஓடினான். ஏன் ஓடினான் என்று எங்களுக்குத் தெரியாது. பத்திரிகை ஆசிரியர் சாம்பசிவம் கிராணிக்குப் போன் போட்டு, ஆண்டு விழாவுக்கு ஓவியரை அழைத்து வரச் சொன்னார். ஆபீசில் நிரந்தர ஓவியர் வேலை காலியாக இருக்கிறது, விழா முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். அன்று ராத்திரி அர்ஜுனன் இருமிக்கொண்டே சிரித்தார். “சீதா, மேசை போட்டு உக்காந்து வேலை பாக்கலாம். தூசியே இருக்காது,” என்றார். எனக்குத் தில்லைநாதனை முதல் தடவையாகக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

விழாவுக்குப் போகும்போது எதைப் போட்டுக்கொள்வது என்ற கேள்வியே எழவில்லை. ஸ்வெட்டரைத் துவைத்து அடுப்படியில் காயவைத்தேன். பஸ் மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கியதும் எனக்கே சேலை உடம்போடு ஒட்ட ஆரம்பித்தது. “கழட்டிடுங்களேன்” என்றேன். “நாலு பெரிய மனுஷன் வர்ற எடம். சும்மா சட்டையோடயா போறது?” என்றார். ஹரோல்ட் கிராணி ஈப்போவில் படித்தவர், கீழ் நாட்டுச் சூடு தெரிந்தவர். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

மண்டபத்தில் காத்தாடி சுழன்றும் அனல் குறையவில்லை. அர்ஜுனன் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். இவர் மேடை ஏறினார். நெற்றியில் வியர்வை ஆறாக ஓடுகிறது, பழுப்பு ஸ்வெட்டர் கழுத்துவரைக்கும் இருக்கிறது, இடது முழங்கையில் கட்டம் போட்ட ஒட்டு.  வெடித்தது பாருங்கள் சிரிப்பு! பையன்கள் நாற்காலிமேல் ஏறி நின்று விசில் அடித்தார்கள். “ஸ்வெட்டர்! ஸ்வெட்டர்!” என்று கத்தினார்கள். சாம்பசிவம் ஓடிவந்து இவர் தோளைக் கட்டிக்கொண்டார்.

“பிரமாதம்! வேஷத்தோடயே வந்துட்டீங்க! எங்க வாசகர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறதே இதுக்குத்தான். இந்த வேக்காட்டுல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் திருடனைத் தொரத்துறான் ஒருத்தன்! எப்படி சார் தோணுச்சு ஒங்களுக்கு?”

 இவர் கூட்டத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த எனக்கு அவர் முகத்தில் எல்லாம் விளங்குவது தெரிந்தது. இத்தனை நாள் மரியாதை என்று நினைத்து வரைந்தது கோமாளி வேஷமாக இருந்திருக்கிறது.  அத்தனை பேரையும் கொழுந்துக் கத்தரியால் வெட்டிப் போடலாம் என்றிருந்தது.

வேலையைப் பற்றிப் பேச அவர் நிற்கவில்லை. “கடிதாசி போடுறேன் சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். பஸ் மலை ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குளிர் ஆரம்பித்தது, அப்புறமும் அவர் அதைப் போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு தொடவே இல்லை.

அடுத்து அவர் அனுப்பிய பக்கத்தில் தில்லைநாதன் வெள்ளை அரைக்கைச் சட்டையோடு வந்தான். பார்ப்பதற்கு யாரோ ஒரு கடைக் கணக்கப்பிள்ளை மாதிரி இருந்தான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. தோட்டத்து ஆபீஸ் போன் அலறியிருக்கிறது. ஹரோல்ட் கிராணி மழையில் நனைந்துகொண்டே எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“ஏம்பா இப்பிடிப் பண்றெ? சாம்பசிவம் கத்துறாரு. ஸ்வெட்டரெ மாட்டிவிடு, வேலெ ஒனக்குத்தான்னு சொல்றாரு.”

“அவங்க என்னெப் பாத்துல்ல சிரிச்சாங்க.”

“ஒன்னெ இல்லடா. தில்லைநாதனெ!”

“ரெண்டும் ஒண்ணுதானுங்க ஐயா. என் ஸ்வெட்டரெ நான் கோமாளிக்கு மாட்ட மாட்டேன்.”

“தங்கச்சி, நீயாச்சும் சொல்லேன்,” என்று என்னைப் பார்த்தார் கிராணி.

நான் சொல்லாமலா இருந்தேன்? சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், உங்கள் நெஞ்சுக்கூடு கிழிகிறதே, மானத்தை வைத்துக்கொண்டு மூச்சு விட முடியுமா என்று கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “நீ ஒட்டுப் போட்டதெப் பாத்தும்தானே சிரிச்சாங்க, சீதா,” என்றார்.  இன்றைக்கும் அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தால், அழுவதா அவரைத் திட்டுவதா என்று தெரிவதில்லை.

சில வாரங்களில் தில்லைநாதன் மறுபடியும் ஸ்வெட்டரோடு வந்தான். கோலாலம்பூரில் யாரோ ஒரு புது ஓவியன் வரைந்திருந்தான். தில்லைநாதன் பத்திரிகைக்குச் சொந்தம், யாரை வைத்து வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாமாம். ஹரோல்ட் கிராணிக்கு அங்கேயே கதை இலாகாவில் வேலை கிடைத்தது. போகும் முன் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் ‘நல்லபடியா போய்ட்டு வாங்க ஐயா’ என்று சொல்லி, லோரி நிற்கிற இடம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வழியெல்லாம் இருமியிருப்பார்.

புது ஓவியன் வரைந்த அந்த முதல் பக்கத்தைக் கடைக்காரர் எடுத்து வைத்துக் கொடுத்தார். அர்ஜுனன் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். “ஒட்டு வலது கைக்குப் போயிருச்சு,” என்றார்.  பிறகு அவர் படமே போடவில்லை. மைப்புட்டி காய்ந்து கட்டியாகிவிட்டது. மையைக் காயவைக்க எவ்வளவோ பாடுபட்ட வீடு அது.

தூசி தன் வேலையைச் செய்தது. எண்பத்து மூன்றில், தை மாதத்துக் குளிரில், அவர் போய்ச் சேர்ந்தார்.

கிராணிக்கு யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள். மழை தூறிக்கொண்டிருந்த காலையில் கெரேத்தா ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முடி நரைத்திருந்தது, மெல்லிசாக ஒரு சட்டை. கீழ் நாட்டிலேயே இருந்து எங்கள் குளிரை மறந்துவிட்டார்போல. பாடைக்குப் பக்கத்தில் நின்று அழும்போது பல் கிட்டித்துப் போனது. எனக்கு அவர்மேல் எத்தனையோ கோபம் உண்டு. ஆனாலும் வீட்டுக்கு வந்தவர் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஆணியில் இருந்த ஸ்வெட்டரை எடுத்து உதறிக் கொடுத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டார்.

கூட்டத்தில் பக்கத்து வீட்டு வேலாயி தன் பேத்தியைத் தூக்கி வைத்திருந்தாள். ஞாயிறு பத்திரிகையைப் படம் பார்த்தே படிக்கிற வயது அதற்கு. அது கிராணியைப் பார்த்ததும் கை நீட்டிக் கத்தியது.

“ஆயா, அங்க பாரு! தில்லைநாதன் வந்திருக்காரு!”

அழுதுகொண்டிருந்தவர்களில் ஒன்றிரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை சொன்னதற்குச் சிரித்தார்கள், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த மண்டபத்துச் சிரிப்புத்தான் கேட்டது.

“கழட்டுங்க ஐயா,” என்றேன்.

“தங்கச்சி...”

“கழட்டுங்க. அது ஒங்களுது இல்லெ.”

அவர் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அர்ஜுனனின் தோளைத் தூக்கி, விறைத்த கைகளை ஒவ்வொன்றாக நுழைத்து, ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன். வேலாயியும் இன்னொருத்தியும் வந்து பிடித்துக்கொண்டார்கள். இடது கையைக் கட்டம் போட்ட ஒட்டு தெரிகிற மாதிரி நெஞ்சின்மேல் வைத்தேன். உடம்பு இளைத்துப் போயிருந்ததால் ஸ்வெட்டர் தொளதொளவென்று இருந்தது.

பேத்தி எட்டிப் பார்த்தது. ஸ்வெட்டரைப் பார்த்தது, ஒட்டைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டது.

“தில்லைநாதன் செத்துட்டாரா?”

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கு இன்னும் கதை எழுத வேண்டியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆமா கண்ணு,” என்றேன். “செத்துட்டாரு.”