இல்கா விழுந்த இடம்

விழும்போது கையை ஊன்றக் கூடாது. செத்தவள் கையை ஊன்றமாட்டாள். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு தோள். முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டால் மூக்கு தப்பும். பல்லைக் கடித்துக்கொண்டால் நாக்கு தப்பும்.

இதை ஷெல்பிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விட்டு வருவதற்கு முன் ராய்ஸோடு குடும்பம் நடத்திய வருடங்களில் உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது. முதல் ஒத்திகையில் வரலாற்று ஆசிரியை மிஸ் கோவாக் கைதட்டி, "இப்படி விழ எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டபோது, "ஸ்கூல்ல கூடைப்பந்து ஆடுவேன், மிஸ்" என்றாள். பொய் இன்னும் சுலபமாகத்தான் வந்தது.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கம்யூனிட்டி காலேஜின் வரலாற்று வகுப்பு, அந்தப் பழைய சுரங்க வேலைநிறுத்தத்தின் ஒரு காலையை ஊர்ச் சாலையில் நடத்திக் காட்டும். மாணவர்கள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய தொழிலாளர்கள். கம்பெனிக் காவலாட்களாக வருகிறவர்கள் குதிரைச் சங்கத்து ஆண்கள். அன்று நிஜமாகவே சுட்டவர்களின் பேரன்மார் அவர்களில் பாதிப் பேர். அதை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

ஷெல்பிக்கு இல்கா வேடம். இல்கா ஹங்கேரிக்காரி, சுரங்கத் தொழிலாளியின் மனைவி, அந்தக் காலையில் குதிரையின் காலடியில் செத்தவள். ஒலிபெருக்கியில் வாசிக்கும் வரி வருடா வருடம் ஒன்றுதான்: 'இல்கா ஓடினாள், தவறி விழுந்தாள், குதிரையின் காலில் சிக்கினாள்.'

அந்த வரியை முதலில் படித்தபோது ஷெல்பிக்கு இல்கா நினைவுக்கு வரவில்லை. தன் உடைந்த தாடைக்குக் கம்பி கட்டிவிட்ட நர்ஸிடம், "படியில தவறி விழுந்துட்டேன்" என்று தான் காற்றாகச் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

வகுப்பில் கை தூக்கினாள். "அவ தவறி விழுந்தான்னு யார் மிஸ் சொன்னது?"

மிஸ் கோவாக்குக்கு முகம் மலர்ந்தது. எந்தச் சாட்சியத்தைப் பார்த்தாலும் கேட்கச் சொல்லி அவர்தான் பழக்கியிருந்தார்: சொன்னது யார், அவர் எங்கே நின்றார், அப்படிச் சொன்னதில் அவருக்கு என்ன லாபம். "குதிரையில இருந்த காவலாள்தான் சொன்னான். வேற யாரையும் கேக்கவே இல்ல."

"அப்ப அந்த வரிய மாத்திடலாமே?"

"மாத்தினா சங்கத்துக் குதிரை ஒண்ணும் வராதும்மா" என்றார் மிஸ் கோவாக். வகுப்பு சிரித்தது. ஷெல்பியும் சிரித்தாள். இந்த ஒரு பாடம் தேறினால் போதும், மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் காத்திருந்தது. மலையைத் தாண்டிப் போய்விடலாம். ராய்ஸ் இல்லாத ஊர்.

கடைசி ஒத்திகைக்கு ராய்ஸ் வந்தான், அவன் மாமாவின் சாம்பல் நிறக் குதிரை மேல். இல்காவைத் துரத்தும் காவலாளாக வரவேண்டிய மாமாவுக்கு முதுகுவலியாம். ஒத்திகைதான் என்றாலும் ஊர் ஜனம் சாலையோரம் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது.

"ஏய் பொணம்!" டாயல் ஒரு பெப்பரோனி ரோலை நீட்டினார். நுரையீரலில் கரி அடைந்து ஓய்வு பெற்ற சுரங்கக்காரர், அறுபது வயதில் அவளோடு படிக்கிறார். "தின்னுட்டுச் சாவு. வெறும் வயித்துல செத்தா ஏப்பம் வரும்."

அவள் ஒரு வாய் கடித்துவிட்டு மீதியை அவரிடமே நீட்டினாள். குதிரை அருகில் வந்தது.

"என்ன செல்லம், இன்னிக்கு என் கையாலயா?" ராய்ஸ் குனிந்து கேட்டான்.

"எழுதி வெச்சபடி பண்ணு, ராய்ஸ்."

"நான் எப்பவும் ஒழுங்காத்தான் பண்ணுவேன். உனக்குத்தான் பாதியில புத்தி மாறும்."

இத்தனை பேர் பார்க்கிறார்கள், அடிக்கமாட்டான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் அவன் அடிப்பதற்கு முன் ஜன்னல் திரையை இழுத்து மூடுவான். பதறாமல், இரண்டு பக்கமும் சமமாக. திரைக்கம்பியில் வளையம் உரசும் சத்தத்துக்கே அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

வெற்றுத் தோட்டாக்கள் வெடித்தன. புகைக்குள் ஓடினாள். பின்னால் குளம்புச் சத்தம் நெருங்கியபோதுதான் புரிந்தது: இங்கே திரையே தேவையில்லை.

எழுதி வைத்தபடி துப்பாக்கிக் கட்டை அவள் தலைக்கு மேல் காற்றில் சுழல வேண்டும். அது விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தத்தைக் காதால் அல்ல, பல்லால் கேட்டாள். இரண்டாவது அடி தோளில். அவள் விழுந்தாள், முழங்கால் முதலில் இல்லை, எதுவும் ஒழுங்கில்லை. கை தன்னால் நீண்டு சரளையில் ஊன்றிக்கொண்டது. அவள் இன்னும் சாகவில்லை என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

ராய்ஸ் குதிரையை நிதானமாகத் திருப்பி அந்தக் கை மேல் நடத்தினான்.

ஜனம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். 'இல்கா ஓடினாள், தவறி விழுந்தாள்' என்றது ஒலிபெருக்கி. அவள் அலறியதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

டாயல்தான் பிடித்திருந்த கொடியை வீசிவிட்டு ஓடிவந்து ராய்ஸின் காலைப் பிடித்து இழுத்தார். பூட்ஸ் அவர் வாயில் பாய்ந்தது. சிவப்புத் துணியில் ரத்தம் தெரியவில்லை, வெள்ளைத் தாடியில் தெரிந்தது. "நடிப்புய்யா! நடிப்பு!" என்று ராய்ஸ் சிரித்தான். "சொல்லேன் ஷெல்பி!" அதற்குள் நான்கு பேர் அவனைத் தரையில் இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் எலும்பின் மேல் விழும் ஒவ்வொரு உதையையும் ஷெல்பி எண்ணாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததே என்று பயமாகவும் இருந்தது.

காலேஜ் வாசற்படியில் மிஸ் கோவாக் பனிக்கட்டிப் பையை அவள் கையில் வைத்து அழுத்தினார். இரண்டு விரல் விரலாக இல்லை. ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தது. மிஸ் கோவாக்கின் இன்னொரு கையில் போன்.

"டீன் லைன்ல இருக்காரு. என்ன நடந்துச்சுன்னு உன் வாயால கேக்கணுமாம்." குரலைத் தாழ்த்தினார். "தவறி விழுந்துட்டேன்னு மட்டும் சொல்லும்மா. ராய்ஸ நான் பாத்துக்கறேன், சங்கத்துலேர்ந்தே தூக்கிடுவாங்க. ஆனா அடிதடின்னு போச்சுன்னா இந்த வகுப்பையே மூடிடுவாங்க. எப்படா மூடலாம்னுதான் இருக்காங்க. பாதியில மூடினா உனக்கு மார்க் கிடையாது, உன் இடமும் போயிடும். உனக்காகத்தான் சொல்றேன்."

அவர் கண்ணில் நீர் இருந்தது. பொய்யில்லை, அவளுக்காகவும்தான் சொல்கிறார். அன்று கூட்டத்தில் நின்ற யாரோ இல்காவின் புருஷனிடமும் இப்படி அன்பாகத்தான் பேசியிருப்பார்கள் என்று ஷெல்பி நினைத்தாள்.

"நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க, மிஸ்?"

மிஸ் கோவாக் பனிக்கட்டிப் பையைச் சரிசெய்தார். "மைக் பக்கத்துல."

"அங்கேர்ந்து நல்லாத் தெரியுமே."

"தெரிஞ்சுது."

போன் அவள் முகத்தருகே வந்தது. உள்ளே ஒரு ஆண் குரல், "ஹலோ? ஹலோ?" என்றது.

ஷெல்பி அதைக் கையில் வாங்கவில்லை. மூச்சு இழுத்தால் விலா குத்தியது, அதனால் சின்னதாகத்தான் பேச முடிந்தது.

"நான் தவறி விழல, மிஸ்" என்றாள்.