பிரின்சி ஓட்டிய கார்

தேனி கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் செல்வினின் கார், கம்பம் போகிற வழியில் ஒரு திராட்சைப் பந்தலின் கல்தூணில் மோதி நின்றது. ஓட்டியது அவர் மனைவி ஷீபாவின் தங்கை பிரின்சி. வளைவில் எஸ்டேட் ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு ஜீப் நேர் எதிரே வந்தது. பிரின்சி தோட்டத்துப் பக்கம் ஒடித்தாள். ஜீப் தப்பியது. அவளுக்கும் கீறல் இல்லை. காருக்குத்தான் முகம் போய்விட்டது.

கொழுந்தியாள் பிழைத்ததில் செல்வினுக்கு நிம்மதி. அடுத்ததாக இன்சூரன்ஸ் ஞாபகம் வந்தது. பாலிசி அவர் பெயரில் இருக்கிறது. அவர் ஓட்டினால்தானே செல்லும்?

"யாரு கேட்டாலும் நான்தான் ஓட்டுனேன். நீ வண்டியிலயே இல்ல."

"ஜீப்புல அத்தன பேரு இருந்தாக அத்தான். நான் மட்டும் ஒடிக்கலன்னா..."

"அதயும் நான்தான் ஒடிச்சேன்."

அதற்குப் பிறகு பிரின்சி அவரோடு பேசவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் சசிதரன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது அக்காளும் தங்கையும்கூட வந்திருந்தார்கள். அவர் காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

"ஓட்டுனது யாரு?"

"நான்தான் சார்."

"கொஞ்சம் டிரைவர் சீட்டுல உக்காருங்க."

செல்வின் ஆறடி உயரம். பிரின்சி அவர் தோளுக்கும் வரமாட்டாள். அவள் முன்னால் இழுத்துப்போட்ட சீட்டை யாரும் தொட்டிருக்கவில்லை. செல்வின் காலை மடக்கி, வயிற்றை எக்கி, எப்படியோ உள்ளே போய்விட்டார். முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் எழுந்து நின்றன.

"இப்படியேதான் ஓட்டுனீகளா?"

"பழகிப்போச்சு சார்."

சசிதரன் பேனாவைத் திறக்கவில்லை. "நான் இன்னும் எழுதல சார். யோசிச்சுச் சொல்லுங்க."

"ஏங்க, உள்ளதச் சொல்லிருங்க" என்றாள் ஷீபா.

"என் கொழுந்தியா சார்" என்றார் செல்வின், முழங்கால்களைப் பார்த்து.

"லைசென்ஸ் இருக்கா அவுகளுக்கு?"

"இருக்கு."

"நீங்க குடுத்துத்தான் எடுத்தாகளா?"

"சாவிய நான்தான் குடுத்தேன்."

"வாடகைக்கு ஒண்ணும் விடலயே?"

"அய்யோ, சொந்தக்காரப் பிள்ள சார்."

"அப்பறம் என்ன? இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். லைசென்ஸ் உள்ளவுக, நீங்க சம்மதிச்சு ஓட்டுனா கிளெய்ம் உண்டு. பொய் சொன்னாத்தான் சிக்கல்." சசிதரன் பிரின்சியின் பக்கம் திரும்பினார். "எப்படி ஆச்சும்மா?"

பிரின்சி வளைவிலிருந்து ஆரம்பித்தாள். ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தவரின் சட்டை நிறத்தைக்கூட விடவில்லை. சசிதரன் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மெக்கானிக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

செல்வினும் முழுவதையும் கேட்டார். அவருக்கு வேறு வழியில்லை. அவர் இறங்குவதற்கு யாராவது சீட்டைப் பின்னால் தள்ளவேண்டியிருந்தது.