சிங்க்கில் மிதந்த கடுகு

சௌபாக்யா அன்று கடுகு தாளிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, எழுந்து ஒரு டம்ளர் காப்பி கலந்தாள், அவ்வளவுதான். ஆனால் சமையலறை சிங்க்கில் விளிம்புக்கு நாலு விரல் கீழே வரை கலங்கல் தண்ணீர் நின்றது. அதில் கடுகும் கறிவேப்பிலையும் மிதந்தன. குழாயைத் தொடாமலேயே தண்ணீர் ஏறியது, கொஞ்சம் நின்றது, மறுபடி ஏறியது. மாடியில் பாத்திரம் உருளும்போதெல்லாம் ஏறுகிறது என்று புரிய அரை மணி நேரம் ஆயிற்று. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிற ஆள். தன் சிங்க்கில் அடுத்தவர் வீட்டு ரசம் ஏறி வருவதற்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாடியில் வீட்டுக்காரர்கள். நஞ்சுண்டாராத்யா, தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சர்வமங்களா. மைசூரில் பதினோரு வீடு ஏறி இறங்கிய பிறகு கிடைத்த வீடு இது. பதினோரு பேரும் வேலை என்ன என்று கேட்பதற்கு முன்னால் சாப்பாடு எப்படி என்று கேட்டார்கள். சாப்பாட்டையா கேட்டார்கள்? கொள்ளேகாலத்துப் பக்கம் அவள் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். பதினோரு இடத்திலும் உள்ளதைச் சொன்னாள். பன்னிரண்டாவது வாசலில் களைத்துப்போய், "வீட்ல கறி மீன் சமைக்க மாட்டேன் சார்" என்றாள். சொன்னபடியே எட்டு மாதமாக முட்டைகூட வாங்கவில்லை. ஆசை வந்தால் பஸ் ஏறிப் போய், கடையில் நின்றபடி தின்றுவிட்டு, சோம்பு மென்றுகொண்டு திரும்புவாள். அவள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள், வாடகை கொடுக்கிற வீட்டுக்குள் வாயை ஊதிப் பார்த்துவிட்டு நுழைகிறாள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பத்து மணிக்கு பிளம்பர் நயாஸ் வந்தார். அந்தத் தெருவின் குழாயெல்லாம் அவர் கையால் போட்டவை. கொல்லைப்புறத் தொட்டியின் மூடியை நெம்பித் திறந்து, சுருள் கம்பியைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றினார். நஞ்சுண்டாராத்யா லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முதலில் காப்பித்தூள் கட்டி வந்தது. பிறகு கொழுப்பு. பிறகு ஒரு கைப்பிடி எலும்பு. கோழிக் கழுத்து எலும்பு, சின்னச் சின்னதாக.

அப்புறம் வீட்டுக்காரர் சௌபாக்யாவைப் பார்த்தார்.

"நான் ஒண்ணே ஒண்ணுதாம்மா கேட்டேன் உன்கிட்ட."

"நான் சமைக்கல சார்."

"அப்ப நாங்க சமைச்சோமா? இந்த வயசுல?"

"நான் சமைக்கலன்னு மட்டும்தான் சார் சொல்றேன்."

சொல்லும்போதே அவளுக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. போன மாதம் அம்மா வந்து நாலு நாள் இருந்தாள். பகலெல்லாம் அவள் மட்டும்தான் வீட்டில். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"எம்மா, இங்க வந்தப்ப ஏதாவது சமைச்சியா?"

"யாரு போட்டுக் குடுத்தா?"

"எம்மா."

"காஞ்ச மீனுடி. ரெண்டே துண்டு. ஜன்னலச் சாத்திட்டுத்தான் சுட்டேன்."

"கோழி?"

"அந்த வீட்ல மூச்சு விடவே பயமா இருந்துச்சு, இதுல கோழி வேறயா?"

வெளியே வந்தபோது அவளுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. அவள் வாக்குத் தவறவில்லை, ஆனால் வாக்குத் தவறியாயிற்று. எலும்பு அவளுடையது அல்ல, ஆனால் அவள் யோக்கியமும் முழுசாக இல்லை. "மாசக் கடைசியில வேற இடம் பாத்துக்கம்மா" என்றார் வீட்டுக்காரர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

"சோதிச்சுப் பாத்துடலாம் சார்" என்றாள். "என் சிங்க்க அடைச்சிட்டு, மேல உங்க சிங்க்ல நீலம் கரைச்சு ஊத்துங்க. எது எந்த வழியா வருதுன்னு தெரிஞ்சிரும்."

"ஊத்தறேன்" என்று படியேறினார் அவர். "எனக்கென்ன பயம்?"

நயாஸ் அவள் சிங்க்கின் வாயில் துணிப்பந்தைத் திணித்து இறுக்கினார். இரண்டு வாளி நல்ல தண்ணீர் விட்டுத் தொட்டியைக் கழுவினார். சத்தம் கேட்டு சர்வமங்களா ஈரக்கையோடு இறங்கி வந்து தொட்டி ஓரம் நின்றாள். இந்த வீடு கிடைத்ததே அவளால்தான். 'படிச்ச பொண்ணு, இருக்கட்டுமே' என்று அன்றைக்குக் கணவனிடம் சொன்னவள்.

மேலே தண்ணீர் கொட்டும் ஓசை. தொட்டிக்குள் முதலில் காற்று கொப்புளித்தது. பிறகு நீலம், உஜாலாவில் முக்கிய வேட்டி பிழிந்தாற்போல. அதன் நடுவே ஒரு எலும்பு உருண்டு வந்து தொட்டித் தரையில் நின்றது. அதன் குழிக்குள் ஒரு கடுகு ஒட்டியிருந்தது.

"வந்துச்சா?" என்று மேலிருந்து குரல்.

மூன்று பேரும் எலும்பைப் பார்த்தார்கள். சௌபாக்யா சர்வமங்களாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது மாட்டிக்கொண்ட பயமா, இப்போதுதான் தெரிந்துகொண்ட அதிர்ச்சியா? மகள் பிரசவத்துக்கு என்று தும்கூர் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவள் அவள். அந்த மாதம் முழுக்க மாடியில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். அப்படியானால் அவரா? அல்லது இரும்புச்சத்து போதவில்லை என்று போன வாரம் தன் ரத்த ரிப்போர்ட்டை எடுத்து வந்து இவளிடமே காட்டிய இந்த அம்மாளா? ரத்தத்தில் படிக்கத் தெரிந்தவளுக்கு முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"வந்துச்சான்னு கேக்கறேன்ல?"

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நயாஸ் நிமிர்ந்து, "தண்ணி வந்திருச்சு சார். நீலமாத்தான் வருது. சுத்தமா இருக்கு" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "இது காக்கா வேலை சார். மொட்டைமாடி மழைத்தண்ணிக் குழாயும் இதுலதான சேருது? எலும்பக் கொண்டாந்து வாய்க்குள்ள போட்டிருக்கு. பக்கத்துத் தெருவுலயும் இதேதான்."

"காக்காவா?"

"காக்காதான்."

"அதுதானே பாத்தேன்" என்றது மேலிருந்து வந்த குரல். அதில் இருந்த நிம்மதி யாருக்காக என்பதும் புரியவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, இருக்கட்டும்னு."

சர்வமங்களா சேலை முனையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?" என்று மூடியைத் தள்ளும்போது கேட்டாள் சௌபாக்யா.

"வீடு வேணுமா வேணாமா உனக்கு?"

"உண்மை வேணும்."

"அது வாடகைக்குக் கிடைக்கிற ஏரியாவாப் பாத்துப் போ, தாயி" என்று கம்பியைச் சுருட்டினார். "எனக்கும் நாயித்துக்கிழமைதான். கறி வாங்கப் போகணும்."

அவர் போன பிறகு, மூடி சரியாகப் பொருந்தாத இடைவெளி வழியே கையை விட்டு எலும்பை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேலையிடத்தில் இருந்து கொண்டுவந்திருந்த மாதிரிக் குப்பியில் போட்டு மூடி, உப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். எட்டு மாதத்தில் அவள் சமையலறைக்குள் வந்த முதல் கோழி எலும்பு அதுதான்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது மொட்டைமாடியில் நஞ்சுண்டாராத்யா குந்தியிருந்தார். குழாய் வாயில் கம்பிவலையைப் போர்த்தி, கட்டுக்கம்பியால் சுற்றி முறுக்கினார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நான்கு. சர்வமங்களா பக்கத்தில் நின்று குறடை நீட்டினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"அம்மா சௌபாக்யா, கீழேருந்து பாத்தா இறுக்கமாத் தெரியுதா?" என்று கேட்டார்.

தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காகம் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.