தைக்கக் கூடாத கிழிசல்

அந்தச் சலவைக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் துணியும் ஓட்டையோடு வெளியே போகாது. கொடுத்தவர் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, அறுந்த பொத்தான் ஏறியிருக்கும், பிரிந்த ஓரம் மூடியிருக்கும், சட்டைப்பையின் அடியில் விழுந்த ஓட்டை அடைபட்டிருக்கும். அதற்குத் தனிக் கூலி கிடையாது. பின்பக்கம் ஸ்டீம் பெட்டியோடு மல்லுக்கட்டும் கணவர், "ஊரான் சட்டைக்கெல்லாம் நீதான் அம்மாவா?" என்று கிண்டல் செய்வார்.

"அவனவன் அம்மா பக்கத்துல இருந்தா இது ஏன் நம்மகிட்ட வருது?" என்பாள் கடைக்காரி. ஊசியில் நூல் கோக்கும்போது ஆண்டவன் பெயரை ஒருதரம் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். பிறகு வேறு எதையும் யோசிக்க மாட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்து மகள் கடைக்கு வந்தாள். வீட்டில் எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அம்மாவைவிட ஒரு சாண் உயரம். காதில் எப்போதும் ஏதோ மாட்டியிருக்கும். அதில் ஓடுவது அவள் அம்மாவே பிறப்பதற்கு முன்னால் வந்த ராக் பாட்டுகள். அந்தப் பாட்டுகளைப் பாடிய குழு அன்று மாலை ஊர் அரங்கத்தில் வாசிக்கப்போகிறது. நுழைவுச் சீட்டு கேட்டபோது, "தாத்தாக்கள் கத்துறதைக் காசு கொடுத்து வேற கேக்கணுமா?" என்று அம்மா முடித்துவிட்டாள். அதிலிருந்து குட்டி உம்மென்று இருந்தாள். பையை மேசைமேல் போட்டவள், கொக்கியில் தொங்கிய பழைய கருஞ்சிவப்புக் கம்பளிக் கோட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, இது யாரோடதுன்னு தெரியுமா?"

"அரங்கத்து வேன் டிரைவர் கொண்டாந்தார். தூசி போக எடுத்து வைங்க, சாயங்காலம் வாங்கிக்கறேன்னார். தோள்பட்டையில ஒரு பெரிய கிழிசல் இருந்துச்சு, பாவம். யாரும் கவனிக்கல போல."

"இருந்துச்சுன்னா?"

"டார்னிங் போட்டுட்டேன்." கடைக்காரி கோட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். உள்மடிப்பிலிருந்தே இழை உருவி, குறுக்கும் நெடுக்குமாக நெய்து, எங்கே கிழிந்திருந்தது என்று துணிக்கே மறந்துபோகும்படி செய்திருந்தாள். "தொட்டுப் பாரு. தெரியவே தெரியாது."

குட்டி தொடவில்லை. ஃபோனை எடுத்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். சிங்கம்போலத் தலைமுடி வைத்து கிட்டார் வாசிக்கும் இளைஞன், அதே கோட்டு, தோளில் கிழிசல். முடி நரைத்தவர், அதே கோட்டு, அதே கிழிசல். ரசிகர்கள் போடும் பனியனில்கூட அந்தக் கிழிசலைத்தான் அச்சடித்திருந்தார்கள்.

கடைக்காரி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "ஆளுக்கு வசதி இல்லையோன்னு நினைச்சேன்" என்றாள் மெதுவாக.

பின்னாலிருந்து கணவரின் குரல் வந்தது. "நான் சொன்னேன்ல? எல்லாத்துக்கும் அம்மா ஆகாதேன்னு."

"அப்பா, சும்மா இருங்க." குட்டி அம்மாவின் பக்கம் குனிந்தாள். "அம்மா, ஒண்ணும் சொல்லாதே. கவர்ல போட்டு டிரைவர்கிட்ட கொடுத்துடு. அவங்க பாக்குறப்போ பாக்கட்டும். நாமதான் செஞ்சோம்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல?"

"அப்போ பிரிச்சிடு."

"பிஞ்சு தொங்கின நூலையெல்லாம் நறுக்கித்தானே நெய்தேன். இப்போ பிரிச்சா வேற கிழிசல்தான் வரும், அவரோடது வராது." கடைக்காரி எழுந்து கோட்டை மடித்தாள். ஒரு மனிதர் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை அவள் கேட்காமல் அழித்துவிட்டாள். அவர் மேடை ஏறும் நேரத்தில் அதைத் தானாகக் கண்டுபிடிப்பது நியாயமில்லை. சொல்வதென்றால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. "செருப்பைப் போடு. கிளம்பு."

"எங்கே?"

"அரங்கத்துக்கு. அங்க இருக்கிற தாத்தாக்கள்ல இவரு யாருன்னு எனக்கு அடையாளம் தெரியாது. நீதான் காட்டணும்."

பஸ்ஸில் குட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தான் உயிராக நினைக்கும் ஒருவர் முன்னால், அவர் கோட்டைக் கெடுத்த கடையின் பெண்ணாகப் போய் நிற்பதா? அம்மாவோ கோட்டை மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

அரங்கத்தின் பின்வாசலில் காவல்காரர் வழி மறித்தார். "பாஸ் இல்லாம ஒரு ஈ கூட உள்ளே போகாது. கோட்டை இங்க கொடுத்துட்டுப் போங்க."

"கொடுத்துட்டுப் போனா ஆகாது தம்பி. ஒரு விஷயம் அவர்கிட்ட நேர்ல சொல்லணும். உள்ளே கேட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னா போயிடறோம்."

காவல்காரர் முணுமுணுத்தபடி ஃபோனை எடுத்தார். அவர் சட்டையின் கழுத்துப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியதைக் கடைக்காரி பார்த்துவிட்டாள். கை தானாகச் சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசிக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"தம்பி, அந்தப் பொத்தானைத் தைச்சுவிடட்டுமா? இன்னிக்குக் கேக்காம எதையும் தைக்கறதா இல்லை."

காவல்காரர் ஃபோனைக் காதில் வைத்தபடியே பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை அந்த வாசலில் யாரும் கேட்டதில்லை. கழுத்தை நீட்டினார். "காலையில மேலதிகாரி இதுக்குத்தான் சத்தம் போட்டார்" என்றார். அவள் நூலைக் கடித்து அறுத்தபோது உள்ளிருந்து பதில் வந்தது. வரச் சொல்கிறார்களாம்.

பெரிய பெரிய பெட்டிகளும் பாம்புபோல் நெளியும் வயர்களும் கிடந்த நடையைத் தாண்டி ஓர் அறை. உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், கிண்ணத்து வெந்நீரில் விரல்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தைல வாசனை வீசியது.

"இவரா?" என்று அம்மா கிசுகிசுத்தாள். குட்டி தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைக்காரி கோட்டை மேசைமேல் விரித்து, தோள்பட்டையை மேலே வைத்தாள். "ஐயா, நான் சலவைக் கடையிலேர்ந்து வர்றேன். உங்க கோட்டைக் கெடுத்துட்டேன்."

கிட்டார்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். தோள்மீது விரலை ஓட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. மற்றத் தோளைத் தடவிப் பார்த்தார். மறுபடியும் முதல் தோளுக்கே வந்தார்.

"எங்கே அது?"

"மூடிட்டேன். கிழிஞ்சதைத் தைச்சுக் கொடுக்கறது எங்க வழக்கம். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. தப்பு என்னோடது, டிரைவருக்குச் சம்பந்தமில்ல."

அவர் விரல் அந்த இடத்திலேயே நின்றது. குட்டி அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "நான் மறைச்சிடலாம்னு சொன்னேன். அம்மாதான் கேக்கல" என்று உளறிவிட்டாள்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ கெட்டிக்காரி. உங்கம்மா நல்லவங்க. ரெண்டும் ஒரே வீட்ல இருக்கு, பரவாயில்ல." ஆனால் சிரிக்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "இது எப்படிக் கிழிஞ்சுதுன்னு தெரியுமா உனக்கு?"

"கூட்டத்துல யாரோ பிடிச்சு இழுத்தாங்கன்னு படிச்சேன்."

"பஸ் கதவுல மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான். நாங்களும் திருத்தல, கதை நல்லா இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க டிரம்மர் இருந்தானே..."

"போன வருஷம்" என்று ஆரம்பித்துக் குட்டி நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா. மேடைக்குப் போறதுக்கு முன்னாடி அவன் எனக்குப் பின்னால வந்து நிப்பான். இந்த ஓட்டையில விரலை விட்டு ஒரு குத்து. ‘உள்ளே ஆள் இருக்கா?’ன்னு கேப்பான். ‘இருக்கேன்’னு நான் சொல்லணும். அதுக்கப்புறம்தான் போவோம். சண்டை போட்டுப் பேசாம இருந்த நாள்லகூட அதை மட்டும் விட்டதில்ல." கோட்டின்மேல் கையை வைத்தார். "இப்போ யாரும் குத்தறதில்ல. இருந்தாலும் ஓட்டை இருந்துச்சு."

குட்டி அழுதுவிடுவாள் போலிருந்தது. கடைக்காரிக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் கனத்த நெஞ்சோடு கைகட்டி நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. ஆண்டவன் ஒருவர் கையில் ஊசியைக் கொடுத்திருப்பது, வருத்தப்படுவதோடு நிறுத்திக்கொள்ள அல்ல என்று நம்புகிறவள் அவள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அவர் விரல் எவ்வளவு பெருசு?"

கிட்டார்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "இவ்வளவு இருக்கும். முரட்டு ஆளு."

"பழைய கிழிசலை என்னால கொடுக்க முடியாது. அது போனது போனதுதான். ஆனா அதே இடத்துல அந்த விரல் நுழையற அளவுக்குப் பிரிச்சு, சுத்திக் காஜா எடுத்துத் தர்றேன். பொத்தான் போடறதுக்கு எடுப்போமே, அந்த மாதிரி. இனி அதுக்குமேல கிழியாது. வேணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க."

அவர் கோட்டின் தோளை ஒருமுறை தடவினார். "போன மாசம் மழையில நனைஞ்சப்போ இன்னும் கொஞ்சம் பிஞ்சுது. ஒருநாள் கை தனியா வந்துடும்னுதான் இருந்தேன்" என்றார். பிறகு, "எடுங்க" என்றார்.

கடைக்காரி இடுப்பில் இடுக்கியிருந்த பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். நூலைக் கோத்து, உதடு அசைய ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, தன் தையலைத் தானே வெட்டினாள். குட்டி ஃபோன் விளக்கைப் பிடித்தாள். அவர் தன் கட்டைவிரலை நுழைத்து அளவு காட்டினார். வெளியே கூட்டம் கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்தது. ஒருவர் கதவைத் திறந்து, "ஐயா, நேரமாச்சு" என்றார். மறுபடியும் வந்து அதையே சொன்னார்.

"இன்னும் நாலு தையல் இருக்கு தம்பி" என்றாள் கடைக்காரி, தலை நிமிராமலே. "பறந்துக்கிட்டுப் போட்டா பாதிப் பாட்டுல பிரிஞ்சுடும்."

"அவங்க சொல்றதைக் கேளு. இன்னிக்கு இங்க அவங்கதான் முதலாளி" என்றார் கிட்டார்காரர்.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தபோது, தாயும் மகளும் பின்னாலேயே மேடையின் ஓரம் வரை போனார்கள். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, தடுக்கவுமில்லை. மற்றவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். புது டிரம்மர் மட்டும் கையில் குச்சிகளோடு தள்ளி நின்றான். குட்டியைவிடக் கொஞ்சம் பெரியவனாக இருப்பான். இறந்துபோனவருடைய இடத்தில் உட்காருகிறோம் என்ற கூச்சம் அவன் நிற்பதிலேயே தெரிந்தது. கிட்டார்காரர் நகரவில்லை. முதுகைக் காட்டியபடி நின்றார்.

குட்டி அம்மாவின் கையைக் கிள்ளினாள். கண்ணால் அந்த டிரம்மரைக் காட்டினாள்.

கடைக்காரிக்குப் புரிந்தது. வாய் துடித்தது. ஆனால் காலையில் கேட்காமல் செய்த காரியத்தின் பாரம் இன்னும் இறங்கவில்லை. "ஐயா, அந்தத் தம்பி கேக்கலாமா?" என்றாள்.

அவர் திரும்பவில்லை. கொஞ்சம் குனிந்து, தோளைத் தாழ்த்திக் கொடுத்தார்.

"போங்கண்ணா" என்று குட்டி டிரம்மரை முழங்கையால் இடித்தாள். "தோள்ல ஓட்டை இருக்கு. விரலை விட்டு, உள்ளே ஆள் இருக்கான்னு கேளுங்க."

"நானா? அது அவரோட..."

"கேளுங்க தம்பி" என்றாள் கடைக்காரி. "பெரியவர் குனிஞ்சு நிக்கிறார் பாருங்க. முதுகு வலிக்கும்."

அவன் தயங்கித் தயங்கி வந்து விரலை வைத்தான். "உள்ளே ஆள்..." நிறுத்தினான். குச்சிகளை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "உள்ளே ஆள் இருக்கா?"

அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான தொண்டைகள் கத்திக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் மூன்று பேர் ஒரு முதுகைப் பார்த்தபடி நின்றார்கள்.

"இருக்கேன்" என்றார் கிட்டார்காரர். "மெதுவாக் குத்துடா. அவனை மாதிரியே நீயும் முரடா இருக்கே."

இருவரும் வெளிச்சத்துக்குள் போனார்கள்.

முதல் பாட்டு தொடங்கியபோது கடைக்காரி பயந்துதான் போனாள். காதுக்கு வரும் முன்பே சத்தம் விலா எலும்புக்கு வந்துவிட்டது. அவர் பாடினாரா, கத்தினாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் பின்னால் திரும்பி டிரம்மரைப் பார்த்துத் தலையாட்டிய ஒவ்வொரு முறையும் அந்தப் பையன் முன்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்தான். அது அவளுக்குத் தெரிந்தது. அது போதும் என்று தோன்றியது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் இடத்தில் கடவுள் எப்படியும் இருப்பார், சத்தம் எவ்வளவு இருந்தால் என்ன.

பக்கத்தில் குட்டி ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இத்தனை பெரிய குரல் இருப்பது அம்மாவுக்கு அன்றுதான் தெரியும்.

"அடுத்த பாட்டுக்கு எல்லாரும் கையைத் தூக்குவாங்க. நீயும் தூக்கணும்" என்று காதில் கத்தினாள் குட்டி.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சந்தோஷத்துக்குத்தான். சும்மா தூக்கும்மா."

"ஒரு கையா, ரெண்டு கையா?"

"ரெண்டும்."

கடைக்காரி இடுப்பில் இடுக்கியிருந்த பையை எடுத்துக் கால்களுக்கு நடுவில் பத்திரமாக வைத்தாள். பிறகு மகளின் தோளைத் தட்டி, "ஆரம்பிச்சதும் சொல்லு" என்றாள்.