ஒரு கிளாஸ் ஆரஞ்சு சோடா

"உங்கக்கா ஏம்மா குடிக்காம வெச்சிருக்கா?"

அக்காவின் நிச்சயதார்த்தம் முடிந்து வந்த முதல் தீபாவளிக்கு, மலாக்காவில் நாங்கள் இருக்கும் அலோர் காஜாவிலிருந்து கிளேபாங்கிலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தோம். அக்காவுக்கு மாமியாராகப் போகிற அன்னம்மா அத்தை, யாரிடமும் வாய் திறக்காத என்னிடம் இப்படிக் கேட்டார். அக்காவின் கையில் ஆரஞ்சு சோடா நுரைத்துக்கொண்டிருந்தது.

உடம்பு இளைப்பதற்காக அக்கா சில மாதங்களுக்கு முன்புதான் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். "இனிமே சோடாவே கூடாது. வெறும் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடிங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மா எங்களை மிரட்டி வைத்திருந்தாள்.

"எங்க வீட்டு சோடா மட்டும் கசக்குதா? குடி லா, குடி!" என்று அத்தை சிரித்தார்.

அக்கா கிளாஸை உதட்டருகே கொண்டுபோனாள். உள்ளே தையல் பிரிந்துவிடும் என்று பயந்துபோனேன்.

"குடிக்காதக்கா! வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு!" என்று கத்திவிட்டேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளை கணேஸ்வரன் எழுந்து வந்து, அக்காவின் கையிலிருந்த கிளாஸை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.