இரண்டு வினாடி முன்னால்

...ஆமாம், ஜெயித்துவிட்டேன், அத்தான் மேல் தப்பில்லை என்று விசாரணைக் குழுத் தலைவரே சொல்லிவிட்டார், ஏழு மாதமாக விமானியின் பிழை, விமானியின் பிழை என்று சாதித்த அதே வாய், இந்தப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினால்தான் என்ன, நாற்பத்திரண்டு வயதில் உருண்டு விழுந்தால் ஆபீசே சிரிக்கும், சிரிக்கட்டுமே... புது விமானம், ஒன்பதாவது சோதனை, அத்தான் விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தாராம், அதனால் வால் முறிந்ததாம், அந்தக் கணமே விமானம் நொறுங்கியதாம். செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறார்? அவர் சார்பில் வாயாட அவர் மச்சினி ஒருத்தி இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டார்கள்.

சோதனை தொடங்கும்போது விமானி ஒரு பொத்தானை மூன்று தடவை அழுத்த வேண்டும், வாலின் நிலையைக் குறிக்கும் விமானத்துப் பதிவிலும், ஸ்டிக்கின் அசைவைக் குறித்தபடி தரையில் என் அறையில் ஓடும் தாளிலும் ஒரே நேரத்தில் மூன்று கோடு விழும், அதை வைத்துத்தான் இரண்டையும் பொருத்துவோம். அத்தான் நாலு அழுத்துவார். "மூணு உனக்கு, நாலாவது உங்க அக்காவுக்கு," என்பார் ரேடியோவில், அறையே சிரிக்கும், நான் மட்டும் திட்டுவேன்... விசாரணைக்காரர்கள் நாலு கோட்டைப் பார்த்ததும் கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டுக் கடிகாரத்தை நம்பினார்கள், தரைக் கடிகாரமோ பிந்தி ஓடியிருக்கிறது, அவர் இழுத்ததை முன்னாலேயே நடந்ததுபோல் காட்டியிருக்கிறது! இன்று இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தேன், நாலும் நாலும் அப்படியே பொருந்தின, வால் முறிந்தது முதலில், அவர் இழுத்தது இரண்டு வினாடி கழித்து. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், "அறிக்கையை மாத்திடலாம்மா," என்றார். எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

அதோ வாசலில் அக்கா, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு... "ஜெயிச்சுட்டோம்க்கா!" என்று அங்கிருந்தே கத்திவிட்டேன், காவலாளி திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும், மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன், அக்கா சிரித்தாள், ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள், "எனக்குத் தெரியும்டி, அவர் கை தப்பு பண்ணாது," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள், நான் அழுதேன், அவள் அழவில்லை. பிறகு, "அப்போ வால் முறிஞ்ச பிறகுதான் இழுத்தாரா?" என்றாள். "ஆமாக்கா, எப்படியாவது காப்பாத்தப் பாத்திருக்கார், கடைசி வரைக்கும் விடல." அக்கா தலையை ஆட்டினாள். "அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள், மெல்ல... ஒரு நொடியில் முடிந்தது, அவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது என்று இத்தனை நாள் அவளைத் தூங்க வைத்தவள் நான்தானே? அந்த இரண்டு வினாடியை மாதக்கணக்கில் அளந்தேன், அதற்குள் அத்தான் உட்கார்ந்திருந்தது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?