அங்க எத்தனை?

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை இறக்கிவிட்டு, கொண்டுவந்த ஆள் ப்ளக்கைச் செருகினான். தலைமாட்டில் டிகிரி காட்டும் சிவப்பு எண் எரிந்தது. முப்பத்தொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பதாகி இருபத்தொன்பதானது. சந்திரகலா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே படுத்திருந்த அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அவள் கையிலிருந்த அப்பாவின் போன் விடாமல் அதிர்ந்தது. செத்துப்போன விஷயம் இன்னும் போய்ச் சேராதவர்கள் அவருக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கனடாவில், கால்கரியில், செப்டம்பர் முடிவதற்குள் பனி விழுந்துவிட்டது. ‘சார், நீங்க சொன்னது சொன்னபடி நடந்துடுச்சு!’

அப்பா சக்கரவர்த்தி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் முப்பது வருஷம் மழைக்கணக்கு எழுதியவர். ரிட்டயராகியும் பித்து விடவில்லை. மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு மழைமானி, வாட்ஸ்அப்பில் ‘அருணை வானிலை’ என்று ஒரு குரூப், அதில் அவரைப் போலவே இருநூறு கிறுக்கர்கள். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்தால் போதும், அத்தனை பேருக்கும் அன்றைக்குத் தீபாவளி. மூத்த மகள் கீதாஞ்சலி கல்யாணமாகிக் கால்கரிக்குப் போனதும் அந்த ஊரும் கணக்கில் சேர்ந்தது. பேரில்தான் கரி, ஊரெல்லாம் வெள்ளை என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார். நோட்டில் தினமும் முதல் வரி கால்கரி. திருவண்ணாமலை அதற்குக் கீழே, அதுவும் மழை பெய்த நாளில் மட்டும்.

சந்திரகலாவுக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சல். மறைப்பானேன்? பேர் வைத்ததிலேயே தொடங்கிய ஓரவஞ்சனை அது. மூத்தவளுக்கு மூன்று மாதம் தேடிக் கண்டுபிடித்த பேர். இளையவளுக்குப் பிரசவம் பார்த்த நர்ஸின் பேர். அம்மா போன பிறகு அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து சோறு போட்டதும், ஊசி போட்டதும், சர்க்கரை கண்ணைக் கெடுத்த பிறகு கைப்பிடித்து நடத்தியதும் அந்த நர்ஸ் பேர்க்காரிதான். காலையில் கண் விழித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "சந்திரா, அங்க எத்தனை?" கால்கரியில் எத்தனை டிகிரி என்று போனைப் பார்த்து இவள் சொல்வாள். அவர் நோட்டை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பெரிய பெரிய எழுத்தில் எழுதுவார். இங்கே எத்தனை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மாவின் முதல் திவசத்துக்கு அக்கா வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். அன்றைக்குக் கால்கரியில் மைனஸ் பதினெட்டு. "மைனஸ் எட்டுப்பா" என்றாள் சந்திரகலா. அவர் மைனஸ் எட்டு என்றே எழுதினார். அக்காவிடமிருந்து பத்து டிகிரியைப் பிடுங்கிக்கொண்டதில் அன்று முழுக்க அவளுக்கு ஒரு திருப்தி. அதற்குப் பிறகு வயிறு எரிந்த நாளிலெல்லாம் இரண்டு கூட்டினாள், மூன்று குறைத்தாள். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

ஐந்து நாளைக்கு முன்னால்தான் அவர் குரூப்பில் பேசி அனுப்பினார், இந்த வருஷம் கால்கரியில் செப்டம்பருக்குள் பனி விழும் என்று. எல்லாரும் சிரித்தார்கள். ‘சார், மொதல்ல நம்ம ஊருக்கு மழை எப்பன்னு சொல்லுங்க’ என்று ஒருவன் கிண்டலடித்தான். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை. அங்க எத்தனை, அங்க எத்தனை என்று ஒரு நாளைக்கு நாலு தடவை. நேற்று ராத்திரி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, அவர் இருமலுக்கெல்லாம் எழுந்து, இன்று காலையில் டீயோடு வந்து நின்றவளிடமும் அதே கேள்விதான்.

அப்போது போனில் அக்காவின் வீடியோ வந்திருந்தது. வாசலில் நின்ற கார் மேல் வெள்ளை வெளேரென்று பனி. "அப்பா, நீங்க சொன்னீங்களே!" என்று அக்கா குழந்தை மாதிரிக் கையை நீட்டிப் பனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சந்திரகலா சத்தத்தைக் குறைத்தாள்.

"பன்னெண்டுப்பா."

"பனி?"

"பனியாவது ஒண்ணாவது. வெயில் அடிக்குதாம்."

"அப்படியா..." என்று நோட்டில் பன்னிரண்டு என்று எழுதினார். "எங்கியோ கணக்குத் தப்பிடுச்சும்மா."

இட்லி சாப்பிடும்போது உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். தட்டோடு வந்தபோது நோட்டு மார்பின் மேல் கவிழ்ந்து கிடந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு மூன்று தடவை கூப்பிட்டாள்.

பதினொரு மணிக்கு முருகவேல் மாலையோடு வந்தான். செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். குரூப்பில் கிண்டலடித்தது அவன்தான். பெட்டியைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதான்.

"சார பாத்து சிரிச்சேங்கக்கா. நேர்ல மன்னிப்பு கேக்கலாம்னு கெளம்பறேன், சேதி வருது." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அந்தப் பனிய பாத்துட்டுதானே போனாரு? அந்த சந்தோஷத்துலதான் உயிர் போயிருக்கும். நோட்டு எங்கக்கா? கடைசி பக்கத்த ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போடறேன்."

நோட்டு அவள் இடுப்பில், புடவைக்குள் செருகியிருந்தது. "எங்கியோ இருக்கும். அப்புறம் தேடித் தர்றேன்" என்றாள். சாவுகூட அக்கா கணக்கில் போய்ச் சேர்கிறதே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அந்த நேரத்திலும் எரிந்தது.

இரண்டு மணிக்கு அக்கா வீடியோவில் வந்தாள். பனியில் விமானமெல்லாம் ரத்தாம். போனைப் பெட்டியின் கண்ணாடிக்கு மேலே பிடித்துக் காட்டினார்கள். "பாவம் பெரியவ" என்றாள் அப்பாவின் தங்கை ஜோதியம்மாள். "பெத்தவன் மொகத்த நேர்ல பாக்க குடுத்துவைக்கல." கூடமே அக்காவுக்காக அழுதது. போன் கை மாறி மாறிக் கடைசியில் சந்திரகலாவிடம் வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள்.

"அப்பா பாத்தாரா சந்திரா?" என்றாள் அக்கா. முகம் வீங்கியிருந்தது. "வீடியோவ பாத்தாரா?"

பார்க்கவில்லை என்றால் தன் மானம் போகும். பார்த்தார் என்றால் அவருடைய கடைசி நிமிஷமும் அக்காவுக்குப் போகும். அது ஒன்றுதான் இவளுக்கென்று மிச்சம் இருந்தது. அடுப்பு மேடையில் காலையில் அவித்த இட்லி அப்படியே இருந்தது.

"பாத்தாருக்கா" என்றாள். "கிட்ட வச்சு ரெண்டு தடவ பாத்தாரு. சிரிச்சாரு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்திரகலா போனை அணைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மூன்றரை மணிக்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி வாசலில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையில் வந்தார்கள். தன் முறை வந்ததும் சந்திரகலா அரிசியை எடுத்துப் போட்டாள். குனிந்தவள் நிமிரவில்லை. அவர் காதோரம் வாயை வைத்தாள்.

"அப்பா. அங்க மைனஸ் ஒண்ணு. பனி விழுது. கணக்கு சரியாதான் இருந்துச்சு."

வரிசை பின்னால் முட்டியது. அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"இங்க முப்பத்தி மூணுப்பா."

ஜோதியம்மாள் தோளைத் தொட்டுத் தூக்கினாள். "இன்னாடி சொல்லிகினு இருந்த காதுல?"

"ஒண்ணும் இல்லத்த. தினமும் காலையில சொல்றதுதான்."

அவள் உள்ளே போனாள். கூடத்தில் ஐஸ் பெட்டி மூடி திறந்தபடி கிடந்தது. ப்ளக்கைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. சிவப்பு எண் பத்தொன்பதிலிருந்து இருபதுக்கு மாறியது.